வழிபாட்டுத் தலத்தில் அகதிகள் உதவித் திட்டம்: தொடங்குவதற்கும் நடத்துவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ குருத்வாராவோ, ஒரு வழிபாட்டுத் தலம் அகதிகளுக்கு உதவ முன்வரும்போது அதன் கையில் இருக்கும் பெரிய வளம் பணம் அல்ல. வாரத்தில் பல நாள்கள் காலியாகக் கிடக்கும் ஒரு கூடம், அக்கம்பக்கத்தை நன்கறிந்த மனிதர்கள், யாரும் அடையாள அட்டை கேட்காத ஒரு வாசல் ஆகியவையே அதன் மூலதனம். அரசு அலுவலகங்களிடம் இல்லாத இன்னொன்றும் அதனிடம் உண்டு: அடுத்த வாரமும் அது அங்கேயே இருக்கும். புகலிட விண்ணப்பம் ஒன்று முடிவாவதற்கு மாதங்களும் சில நாடுகளில் ஆண்டுகளும் ஆகின்றன. அந்தக் காத்திருப்பில் விண்ணப்பதாரரின் முகவரி மாறலாம், வழக்கறிஞர் மாறலாம், அவருடைய கோப்பைப் பார்க்கும் அதிகாரியும் மாறலாம். மாறாத ஓர் இடமும் பழகிய சில முகங்களும் அவருக்குக் கிடைக்கச் செய்வதே இத்தகைய திட்டத்தின் மையப் பணி என்று கொண்டால், எதைச் செய்வது, எதை விடுவது என்ற பல கேள்விகளுக்கு விடை எளிதாகிவிடும்.

முதல் படி: வருபவர்களின் சட்ட நிலையைப் புரிந்துகொள்ளுதல்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு, தம் நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு, அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவரோ விரும்பாதவரோ அகதி எனப்படுகிறார். தொடக்கத்தில் 1951 ஜனவரி 1ஆம் தேதிக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு மட்டுமே பொருந்திய இந்த வரையறையின் கால எல்லையை 1967ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. புகலிடம் கோருபவர் என்பவர், இந்தப் பாதுகாப்பைக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், மேல்முறையீட்டில் இருப்பவர்கள், வேறொரு நாட்டின் முகாமிலிருந்து அரசின் மீள்குடியேற்றத் திட்டத்தின்கீழ் நேரடியாக அழைத்துவரப்பட்டவர்கள் என வேறு பிரிவினரும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். மீள்குடியேற்றத்தில் வந்தவருக்கு வேலை தேடும் உரிமை முதல் நாளிலிருந்தே இருக்கக்கூடும். அதே ஊரில் புகலிடம் கோரிக் காத்திருப்பவருக்கு வேலை செய்வதே சட்டமீறலாக இருக்கலாம். நல்லெண்ணத்தோடு ஒருவருக்குத் தேடித்தரும் பகுதிநேர வேலை, அவருடைய வழக்கையே கெடுத்துவிட முடியும்.

உடன்படிக்கையின் இரண்டு பிரிவுகளைத் தன்னார்வலர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் இருந்த இடத்திலிருந்து நேரடியாக வந்தவர், தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்திக்கொண்டு தக்க காரணம் காட்டினால், அனுமதியின்றி நுழைந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31ஆவது பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33ஆவது பிரிவு. "சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு நாம் ஏன் உதவ வேண்டும்?" என்று சபையிலிருந்து எழக்கூடிய முதல் கேள்விக்கு இந்த இரண்டு பிரிவுகளே நிதானமான விடை. உங்கள் நாடு உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அனுமதியின்றித் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுப்பது குற்றமாகக் கருதப்படுகிறதா என்பவற்றைத் திட்டம் தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சபையின் இசைவு

ஆர்வமுள்ள இருவர் தாமாகவே தொடங்கிவிட்டுப் பிறகு நிர்வாகக் குழுவிடம் சொல்லும் திட்டங்கள், முதல் சர்ச்சையிலேயே சாய்ந்துவிடுகின்றன. கூடத்தைப் பயன்படுத்தும் நாள், சாவிப் பொறுப்பு, காப்பீடு, பண வரம்பு, திட்டத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேச உரிமையுள்ளவர் யார் என்பவற்றைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றிக்கொள்வது நல்லது. எதிர்ப்புச் சொல்பவர்களை ஒதுக்கிவிட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதில் பயனில்லை. அவர்களுடைய கவலைகளில் பாதி நடைமுறை சார்ந்தவையாகவே இருக்கும்: கூடத்தைக் கழுவுவது யார், குழந்தைகள் வகுப்புக்கு இடைஞ்சல் வருமா என்பன போல. அவற்றுக்கு நேரடியாக விடை சொன்னாலே எதிர்ப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

சமய அடிப்படையில் பேச வேண்டியிருந்தால், அந்தந்த மரபின் நூல்களே போதும். அந்நியரைச் சொந்த நாட்டவரைப் போல நடத்தவும் அவரிடம் அன்பு கூரவும் சொல்கிறது லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம். பாதுகாப்புக் கேட்டு வருபவருக்குப் பாதுகாப்பளித்து, அவரைப் பத்திரமான இடத்தில் சேர்க்கச் சொல்கிறது குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம். விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது தைத்திரீய உபநிடதம். பல சமயத்தவர் சேர்ந்து நடத்தும் திட்டமென்றால், ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 2012 டிசம்பரில் சமயத் தலைவர்களோடு நடத்திய உரையாடலின் பயனாக 2013இல் வெளியான, அந்நியரை வரவேற்பது பற்றிய உறுதிமொழியை எல்லாரும் சேர்ந்து வாசித்து ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: தேவையைக் கேட்டறிதல்

பெரும்பாலான சபைகள் அகதிகள் என்ற சொல்லைக் கேட்டதும் பழைய துணி சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டே வாரங்களில் கூடத்தின் மூலையில் ஒரு குன்று எழும். அளவு பொருந்தாத சட்டைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் பிரிப்பதற்கே தன்னார்வலர்களின் நேரம் போய்விடும். கேட்டுப் பார்த்தால்தான் உண்மைத் தேவைகள் வெளிப்படும்: கைப்பேசிக்கு மின்னேற்றமும் இணையமும், நேர்காணலுக்குப் போய்வரப் பயணச் செலவு, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் படிவம், பலர் சேர்ந்து தங்கும் அறையிலிருந்து தப்பி அமைதியாக உட்கார ஓர் இடம். கைப்பேசி ஆடம்பரம் அன்று. வழக்கறிஞரின் அழைப்பும், ஊரில் விட்டுவந்த குடும்பத்தின் குரலும், ஆவணங்களின் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

எனவே தொடங்கும் முன்பு, வட்டாரத்தில் ஏற்கெனவே இயங்கும் சட்ட உதவி மையம், மருத்துவமனை, பள்ளி, பிற சமயக் குழுக்கள் ஆகியோரைச் சந்தித்து, யார் என்ன செய்கிறார்கள், எந்தக் கிழமையில் எதுவும் இல்லை என்று கேளுங்கள். அகதிகளாக வந்து நிலைபெற்ற இருவரையேனும் திட்டமிடும் குழுவிலேயே உறுப்பினராக்குங்கள். ஆலோசனை கேட்பதற்காக மட்டும் அழைப்பதைவிட, வாக்குரிமையோடு உட்காரவைப்பது வேறு. பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு பிற்பகல் கூடத்தைத் திறந்துவைப்பது, ஆண்டு முழுதும் தவறாமல் நடக்குமானால், ஆறு மாதத்தில் நின்றுபோகும் ஐந்து சேவைகளைவிட மேலானது.

நான்காம் படி: திறந்த நாளின் ஒழுங்கு

கதவுக்கு அருகே நீண்ட மேசை போட்டு, அதன் பின்னால் தன்னார்வலர்கள் வரிசையாக உட்கார்ந்து, பதிவேட்டை நீட்டினால், வருபவருக்கு நினைவுக்கு வருவது எல்லைச் சாவடிதான். மேசைகளைச் சிறிதாகப் போட்டு, தன்னார்வலரும் வந்தவரும் கலந்து உட்காரும்படி செய்யுங்கள். பெயர் கேட்கலாம், எந்த நாடு, எப்படி வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. நட்புக்காகக் கேட்கப்படும் இந்தக் கேள்விகளையே அதிகாரிகளும் கேட்டிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். காப்பீட்டுக்காக எண்ணிக்கை தேவைப்பட்டால், தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

கழிப்பறை எங்கே, வெளியேறும் வழி எங்கே, இணையக் கடவுச்சொல் என்ன, எப்போது மூடுவோம் என்பவற்றை வருபவர்களின் மொழிகளில் எழுதி ஒட்டுங்கள். உணவு பரிமாறினால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிவையுங்கள். தொழ விரும்பும் வேறு சமயத்தவருக்கு ஒரு சிறிய அறையை ஒதுக்க முடியுமா என்று முன்பே பேசி முடிவெடுங்கள், அன்றைய தினம் வாசலில் நின்று விவாதிக்க வேண்டாம்.

மனம் உடைந்து அழுபவரையோ திடுக்கிட்டு உறைந்துபோனவரையோ எதிர்கொள்ளும் நாள் வரும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் அடிப்படை மூன்று செயல்கள்: பார்த்தல், கேட்டல், இணைத்தல். ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்; அவர் பேச விரும்பினால் கேளுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; உரிய உதவியோடு இணைத்துவிடுங்கள். நடந்ததை முழுவதும் கொட்டித் தீர்த்தால்தான் மனம் ஆறும் என்ற எண்ணம் பரவலானது, ஆனால் தவறானது. குடும்பத்தைத் தேடுபவர்களுக்குச் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் குடும்பத் தொடர்பை மீட்கும் சேவை உண்டு. அதன் உள்ளூர்க் கிளையின் தொடர்பைக் கைவசம் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: கடிதங்களும் கெடுக்களும்

திட்டத்தின் உண்மையான பயன் பெரும்பாலும் கடிதங்களை வாசித்துச் சொல்லும் மேசையில்தான் விளைகிறது. வருபவர் தம் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டுவார். அது பத்து நாள்களுக்கு முன்பே வந்திருக்கும்; மொழி புரியாததால் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உறைக்குள் வைத்திருப்பார். முதலில் உறையையும் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் அச்சான தேதிக்கும் உறையில் அஞ்சல் முத்திரையிட்ட தேதிக்கும் இடையே பல நாள் இடைவெளி இருக்கக்கூடும். கெடு தவறிவிட்டதாகச் சொல்லப்படும்போது அந்த முத்திரை வழக்கறிஞருக்குச் சான்றாகலாம். அடுத்து, கடிதத்தில் எத்தனை தேதிகள் இருக்கின்றன, அவற்றுள் எது கெடு என்று கண்டுபிடியுங்கள். மேல்முறையீட்டுக்கான காலம் சில நாடுகளில் ஒரு வாரம்கூட இல்லை. கெடுவைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, அவர் கைப்பேசியிலும் குறித்து, அவருடைய வழக்கறிஞரை அப்போதே அழையுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால், சட்ட உதவி மையத்தில் நேரம் வாங்கிக் கொடுப்பது அன்று மாலைக்குள் முடிய வேண்டிய வேலை. முதற்பிரதி எப்போதும் அவரிடமே இருக்க வேண்டும். நகல் எடுத்து அவருக்கென்றே ஒரு கோப்புறையில் தேதிவாரியாக அடுக்கிக் கொடுங்கள்.

இங்கே ஓர் எல்லையை அழுத்தமாகக் குறிக்க வேண்டும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வது உதவி. என்ன பதில் சொன்னால் வழக்கு வெல்லும் என்று சொல்வது சட்ட ஆலோசனை. உரிமம் இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது பல நாடுகளில் குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் அது ஆபத்தானது. புகலிட வழக்குகளில் விண்ணப்பதாரரின் சொல்லே முதன்மையான சான்று. முதல் நேர்காணலில் சொன்னதும் பின்பு சொன்னதும் எழுத்தில் கொடுத்ததும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. தேதியோ இடமோ நிகழ்வின் வரிசையோ சற்று மாறினாலும் நம்பகத்தன்மை இல்லை என்று நிராகரிக்க அது காரணமாகலாம். ஆகவே, அக்கறையுள்ள தன்னார்வலர் ஒருவர் அவருடைய கதையைத் தாமே கேட்டு, தம் நடையில் அழகாக எழுதி, ஆதரவு திரட்டுவதற்காக அனுப்பினால், அவர் அறியாமலேயே முரண்பாடுகள் நிறைந்த இன்னொரு பதிவை உருவாக்கிவிடுகிறார். கதையை எழுதாதீர்கள், பதிவு செய்யாதீர்கள், திருத்தாதீர்கள். சித்திரவதையின் தழும்புகளைப் பற்றி அவர் பேசினால், அதை ஆவணப்படுத்தும் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் செல்ல வழக்கறிஞர் வழியாக ஏற்பாடு செய்யுங்கள்; அதற்கென 1999இல் உருவாகி ஐ.நா. ஏற்றுக்கொண்ட இசுதான்புல் நெறிமுறை என்ற முறையான வழிகாட்டி இருக்கிறது.

செய்யத்தக்கவை வேறு பல உண்டு. நேர்காணலுக்கு முந்தைய நாள் வழி காட்டி, பயணச் செலவு கொடுத்து, காலையில் எழுப்ப அழைக்கலாம். முகவரி மாறினால் அதை அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் உடனே தெரிவிக்க நினைவூட்டலாம். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் நேர்காணலைத் தவறவிட்டு வழக்கையே இழப்பவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்ற விசாரணைக்கு உடன் சென்று பின்னிருக்கையில் உட்காரலாம். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் துணைதான்.

ஆறாம் படி: மொழிபெயர்ப்பு

பிள்ளைகள் பள்ளி மொழியை விரைவில் கற்றுக்கொள்வதால் அவர்களையே மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாகிவிடுகிறது. இதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. தாய்க்கு நேர்ந்ததை மகனின் வாயால் கேட்கும் நிலையில் தாய் உண்மையைச் சொல்லமாட்டார்; மகனும் அதைச் சுமக்கக் கூடாது. அதே மொழி பேசும் வேறொருவரும் எல்லா நேரத்திலும் பொருத்தமானவர் அல்லர். மொழி ஒன்றாயிருந்தும் இனமோ கட்சியோ பிரிவோ எதிரெதிராக இருக்கலாம். சிறிய சமூகங்களில் செய்தி ஊர்வரை போய்விடும். மொழிபெயர்ப்பவர் யார் என்று முன்கூட்டியே சொல்லி, அவர் வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பைத் தனிமையில் கொடுங்கள். பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் அதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் சுருக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது.

ஏழாம் படி: சமயத்தின் இடம்

சமயக் குழு நடத்தும் திட்டத்தில் தவிர்க்க முடியாத கேள்வி இது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் அரசு சாரா அமைப்புகளும் 1994இல் உருவாக்கிய நடத்தை நெறிகளின்படி, தேவை ஒன்றே உதவிக்கு அளவுகோல்; உதவியைக் குறிப்பிட்ட அரசியல் நிலைப்பாட்டையோ சமய நிலைப்பாட்டையோ வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. கூடத்தில் உங்கள் வழிபாட்டின் அடையாளங்கள் இருப்பதில் தவறில்லை. வரிசையில் நிற்பவருக்கு உணவோடு சேர்த்துத் துண்டறிக்கை கொடுப்பது தவறு, ஏனெனில் அவரால் மறுக்க முடியாது.

ஆனாலும் சிலர் தாமாகவே வழிபாட்டில் கலந்துகொள்வார்கள், சிலர் மதம் மாற விரும்புவார்கள். மதம் மாறியவரைத் துன்புறுத்தும் நாட்டிலிருந்து வந்தவராயின், அந்த மாற்றமே அவருடைய புகலிடக் கோரிக்கையின் அடிப்படையாகலாம். அப்போது குருவிடம் சான்றுக் கடிதம் கேட்பார்கள், சில நேரம் நீதிமன்றத்துக்கும் அழைப்பார்கள். கேட்டவர் அனைவருக்கும் உருக்கமான கடிதம் எழுதிக்கொடுக்கும் குருவின் சொல்லுக்கு நாளடைவில் எந்த நீதிமன்றத்திலும் மதிப்பிராது; உண்மையான விசுவாசிக்கும் அதனால் கேடு வரும். யாருக்கும் வழக்கமாக உள்ள தயாரிப்புக் காலத்தைச் சுருக்காதீர்கள். எப்போதிலிருந்து வருகிறார், எந்த வகுப்புகளில் இருந்தார், என்ன பணிகளில் பங்கேற்றார் என்று நேரில் கண்டதை மட்டும் தேதியோடு எழுதுங்கள். அவருடைய உள்ளத்தின் உண்மையைப் பற்றிக் கருத்துச் சொன்னால், எதன் அடிப்படையில் அவ்வாறு கருதுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உதவி மேசையில் இருப்பவரும் சமயப் பயிற்சி கொடுப்பவரும் வெவ்வேறு ஆள்களாக இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

எட்டாம் படி: பாதுகாப்பு விதிகள்

உதவி கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதைச் சுரண்டுவதற்கென்றே உள்ளே வருபவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியது 2002இல் வெளிவந்தபோது, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அடங்கிய நிலைக்குழு, பணியாளர்களுக்கு ஆறு அடிப்படை நெறிகளை வகுத்தது. உதவிக்கு ஈடாகப் பாலியல் உறவு கேட்பதும் பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு பாலியல் உறவு கொள்வதும் எவ்விதச் சாக்கும் இன்றித் தடை செய்யப்பட்டவை. "நம் சபையில் அப்படி யாரும் இல்லை" என்ற வாக்கியத்தைக் கூட்டத்தில் யாராவது சொன்னால், அதையே விதிகள் தேவை என்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தன்னார்வலர் ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும். நெடுநாள் உறுப்பினர்களுக்கும் விலக்கு வேண்டாம். சிறுவர்களோடு தனி அறையில் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. சொந்தப் பணத்தைக் கொடுப்பதோ கடன் கொடுப்பதோ கூடாது. தேவையைக் குழுவிடம் கொண்டுவர வேண்டும். முறையீடு செய்ய விரும்புபவர் திட்டப் பொறுப்பாளரைத் தாண்டி வேறொருவரிடம் செல்ல வழி இருக்க வேண்டும். வீட்டில் தங்கவைக்க முன்வருபவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது என்றாலும், அதை அனுபவமுள்ள அமைப்பொன்றின் மேற்பார்வையில், கால வரம்போடு மட்டுமே செய்யுங்கள்.

புகைப்படம் வேண்டாம். ஆண்டு விழா அறிக்கைக்காக எடுக்கப்படும் குழுப்படம் சமூக ஊடகத்தில் ஏறினால், ஊரில் இருக்கும் உறவினர்களைத் தேடிச் சிலர் போகக்கூடும். ஒப்புதல் பெற்றுவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. உங்கள் உதவியை நம்பியிருப்பவரால் எளிதில் மறுக்க இயலாது.

ஒன்பதாம் படி: முடிவு வந்த பிறகு

புகலிடம் கிடைத்ததும் கொண்டாடிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவது இயல்பு. ஆனால் பல நாடுகளில், அரசு கொடுத்த தங்குமிடமும் உதவித்தொகையும் அந்த முடிவுக்குப் பிறகுச் சில வாரங்களிலேயே நின்றுவிடுகின்றன. வங்கிக் கணக்கு, வாடகை வீடு, வேலை, குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பம் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அகதி என்று அங்கீகரிக்கப்பட்ட மாதத்திலேயே தெருவில் படுக்க நேர்பவர்கள் இதனால்தான் உண்டாகிறார்கள். எனவே முடிவு வருவதற்கு முன்பே வாடகை முன்பணத்துக்கான சிறிய சுழல்நிதியை ஒதுக்கிவைத்து, வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் சபையினரிடம் பேசிவையுங்கள். குடும்ப ஒன்றிணைவுக்குச் சில நாடுகளில் கெடு இருப்பதால், அதைப் பற்றி வழக்கறிஞரிடம் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

நிராகரிக்கப்பட்டவரின் நிலையில், மேல்முறையீட்டுக் கெடுவும் வழக்கறிஞரும் முதன்மை. தடுப்புக் காவலில் வைக்கப்படும் அபாயம் இருந்தால், வழக்கறிஞரின் எண், சபைத் தொடர்பாளரின் எண், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் எப்போதும் வைத்திருக்கச் செய்யுங்கள். ஆவணங்களின் நகலை அவர் இசைவோடு ஒரு நம்பகமான இடத்தில் பூட்டிவையுங்கள். நிலை மாறிவிட்டதால் திறந்த நாளுக்கு வரக் கூடாது என்று சொல்லாதீர்கள்.

சில ஆண்டுகள் இவ்வாறு நடத்திய பிறகு, குடும்பமொன்றையே பொறுப்பேற்று வரவழைக்கும் அளவுக்குச் சபை தயாராகலாம். கனடாவில் 1979இல் தொடங்கிய தனியார் ஆதரவுத் திட்டத்தில் சமயக் குழுக்களே முன்னணியில் நின்றன. மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் தொண்டு அமைப்பான மெனோனைட் மத்தியக் குழுவே அரசோடு முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. பொதுவாக முதல் ஓர் ஆண்டுக்குக் குடும்பத்தின் செலவையும் குடியமர்த்தும் பணியையும் அங்கே ஆதரவாளர்கள் ஏற்கிறார்கள். பிரிட்டனும் 2016இல் இதுபோன்றதொரு சமூக ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் இறங்கும் முன்பு ஓராண்டுச் செலவுக்கான முழுத் தொகையும் கையில் இருக்கிறதா, குழுவில் இருவர் விலகினாலும் வேலை நடக்குமா, முரண்பாடு வந்தால் குடும்பத்துக்காகப் பேசும் வெளியாள் ஒருவர் இருக்கிறாரா என்ற மூன்றையும் சரிபார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஓராண்டு முடிந்தபின் அந்தக் குடும்பம் உங்கள் ஊரைவிட்டு வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். தாம் வாழும் இடத்தைத் தாமே தேர்ந்தெடுப்பது அவர்களுடைய உரிமை.